பணியிடப் பயிற்சிக்கான வட்டார விருது: விண்ணப்பம் முதல் நேர்காணல் வரை, படிப்படியாக

விருது விண்ணப்பத்தைப் பெரும்பாலானோர் கடைசி வாரத்தில்தான் திறக்கிறார்கள். முதல் கேள்விக்கு நேராகப் போய், "தரமான பயிற்சியே எங்கள் நிறுவனத்தின் அடையாளம்" என்று தட்டச்சு செய்யத் தொடங்குவார்கள். மூன்று கேள்விகள் வரை வண்டி நன்றாக ஓடும். நான்காவது கேள்வி, "பயிற்சிக்கு முன்னும் பின்னும் என்ன மாறியது? அளந்து காட்டுக" என்று கேட்கும்போது நின்றுவிடும். பயிற்சிக்கு முன் இருந்த எண் அவர்களிடம் இருக்காது.

விண்ணப்பதாரராகச் சில வருடங்களும் நடுவர் குழுவில் சில வருடங்களும் இருந்திருக்கிறேன். தோற்ற விண்ணப்பங்களில் பலவற்றில் பயிற்சி நன்றாகத்தான் இருந்தது, வேலையின் வரிசைதான் தலைகீழ். முதலில் எழுதிவிட்டு, அப்புறம் சான்று தேடியிருந்தார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது: பாதி வேலை முடியும் வரை இதில் எழுதவே மாட்டீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை நான்கு: விருதின் முழு விதிமுறைத் தாள், குறைந்தது ஆறு மாதம் ஓடி முடிந்த ஒரு பயிற்சி, அந்தப் பயிற்சி நடந்த பிரிவின் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி, கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவரின் சம்மதம். நான்காவதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். எல்லாம் தயாரான பிறகு, "எண்களை வெளியில் கொடுக்க வேண்டாம்" என்று மேலே இருந்து ஒரு வார்த்தை வந்தால் இரண்டு மாத உழைப்பு வீண்.

1. விதிமுறைத் தாளை இரண்டு முறை படியுங்கள்

முதல் முறை, உங்களுக்குத் தகுதி உண்டா என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை, மதிப்பெண் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். இரண்டையும் ஒரே வாசிப்பில் செய்தால் மதிப்பெண் ஆசையில் தகுதி வரி கண்ணில் படாமல் போகும்.

தகுதியில் மூன்று இடங்களில் வழுக்கும். ஒன்று, காலவரம்பு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை நடந்த பயிற்சி கணக்கில் வரும் என்று பாருங்கள். இரண்டு, வட்டாரம். சில விருதுகளில் பயிற்சி நடந்த இடம் வட்டாரத்துக்குள் இருந்தால் போதும், சிலவற்றில் நிறுவனம் பதிவான முகவரியே அங்கு இருக்க வேண்டும். மூன்று, நிறுவனத்தின் அளவு. என் முதல் விண்ணப்பம் இதில்தான் விழுந்தது. எங்கள் கிளையில் 60 பேர்தானே என்று சிறு நிறுவனப் பிரிவில் அனுப்பிவிட்டேன். விதியில் தாய் நிறுவனத்தின் மொத்த ஆட்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று இருந்தது. யாரும் உள்ளே படித்துப் பார்க்கவில்லை, முதல் சல்லடையிலேயே வெளியே போனது.

அடுத்து, எந்தப் பிரிவில் போட்டியிடுவது. பெரும்பாலும் மூன்று குடும்பங்கள் இருக்கும்: தனிநபர் (தொழில் பழகுநர், பயிற்சியாளர்), பயிற்சித் திட்டம், வேலை கொடுக்கும் நிறுவனம். ஒரே கதையை மூன்றிலும் அனுப்பும் ஆசை வரும். வேண்டாம். பயிற்சியாளர் பிரிவில் ஒரு மனிதரின் தீர்ப்பும் திறமையும் தெரிய வேண்டும். திட்டப் பிரிவில் அந்த மனிதர் இல்லாவிட்டாலும் திட்டம் ஓடும் என்பது தெரிய வேண்டும். ஒன்றுக்குப் பலமாக இருப்பதே மற்றதில் பலவீனமாகிவிடும்.

எதில் போவது என்று குழப்பமாக இருந்தால் ஒரு கேள்வி உதவும்: இந்தப் பயிற்சியை நடத்தியவர் நாளை வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும்? "நின்றுவிடும்" என்றால் அவரைப் பயிற்சியாளர் பிரிவுக்குப் பரிந்துரையுங்கள். "நடக்கும்" என்றால் திட்டப் பிரிவு.

2. கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி நாள் குறியுங்கள்

பத்து வாரம் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். நான் பிரிப்பது இப்படி: முதல் வாரம் விதிமுறையும் பிரிவும், அடுத்த நான்கு வாரம் சான்று திரட்டல், ஒரு வாரம் சம்மதக் கடிதங்களும் ஆதரவுக் கடிதங்களும், இரண்டு வாரம் எழுத்து, ஒரு வாரம் வெளியாள் வாசிப்பு, கடைசி வாரம் பதிவேற்றம்.

எழுத்துக்கு இரண்டு வாரம், சான்றுக்கு நான்கா என்று புதியவர்கள் கேட்பார்கள். எழுத்து உங்கள் கையில் இருக்கிறது, இரவு உட்கார்ந்தால் முடியும். சான்று மற்றவர்கள் அலமாரியில் இருக்கிறது. தரப் பிரிவுக்காரர் தணிக்கையில் இருப்பார், மனிதவளப் பிரிவுக்காரர் விடுப்பில் இருப்பார். ஒரு எண்ணுக்கு மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருக்கும். அந்த நாட்களைத்தான் இங்கே வாங்கி வைக்கிறோம்.

3. சான்று திரட்டுங்கள், ஒரு வரிகூட எழுதாதீர்கள்

இந்தப் படிதான் முழு வேலையின் முதுகெலும்பு. இங்கே அவசரப்பட்டால் பின்னால் வரும் எதுவும் காப்பாற்றாது.

முதலில் ஒரு எக்செல் தாளைத் திறந்து ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள்: என்ன சொல்லப் போகிறோம், அதற்கு என்ன சான்று, அது எந்தப் பதிவேட்டில் உள்ளது, யாரிடம் கேட்க வேண்டும், கைக்கு வந்த தேதி. இரண்டாம் பத்தி காலியாக இருக்கும் எந்த வரியும் விண்ணப்பத்துக்குள் நுழையக் கூடாது. கடைசி வரை இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எந்த வகைச் சான்று வேண்டும் என்பதற்கு, பயிற்சியின் பலனை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அறிஞர் 1959-ல் முன்வைத்த நான்கு நிலைகள் இன்றும் பயன்படுகின்றன. விதிமுறைத் தாளில் அவர் பெயரே இல்லாவிட்டாலும் கேள்விகள் பெரும்பாலும் அந்த நான்கைச் சுற்றித்தான் வரும்.

முதல் நிலை, பயிற்சி பெற்றவர்களுக்குப் பிடித்ததா. வகுப்பு முடிந்ததும் நிரப்பும் கருத்துப் படிவம். எல்லோரிடமும் இது இருக்கும், அதனாலேயே இதற்கு மதிப்பு குறைவு.

இரண்டாம் நிலை, கற்றுக்கொண்டார்களா. முன் தேர்வும் பின் தேர்வும், அல்லது செய்முறைச் சோதனை. பின் தேர்வு மட்டும் இருந்தால் அது அரைச் சான்றுதான். அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கலாமே?

மூன்றாம் நிலை, வேலையிடத்தில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா. இங்கேதான் விண்ணப்பங்கள் பிரிகின்றன. வகுப்பில் கற்றதை மூன்று மாதம் கழித்தும் செய்கிறார்களா என்பதை மேற்பார்வையாளர் கவனித்துப் பதிந்த தாள் ஒன்று இருந்தால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

நான்காம் நிலை, வேலையில் விளைவு. கழிவு குறைந்ததா, நேரம் மிச்சமானதா, விபத்து குறைந்ததா, சேர்ந்தவர்கள் நிலைத்து இருக்கிறார்களா.

புதியவர்கள் செய்யும் தவறு, முதல் நிலையில் நான்கு பக்கம் போட்டுவிட்டு நான்காம் நிலைக்கு ஒரே தாவல் தாவுவது. "98 சதவீதம் பேர் திருப்தி, உற்பத்தி உயர்ந்தது" என்பார்கள். நடுவில் இரண்டு பாலங்கள் இல்லை. திருப்தி அடைந்தவர்கள் கற்றார்களா, கற்றவர்கள் செய்தார்களா என்று தெரியாதபோது உற்பத்தி ஏன் உயர்ந்தது என்று எப்படிச் சொல்வது?

சரி, சான்றை எங்கே தேடுவது? பயிற்சிப் பிரிவின் ஃபைல்களில் இல்லை. அங்கே வருகைப் பதிவும் கருத்துப் படிவமும்தான் இருக்கும். நல்ல சான்று வேலை நடக்கும் இடத்தில் கிடக்கிறது: மெஷின் பக்கத்தில் தொங்கும் பதிவேடு, நிராகரித்த பொருட்களின் பட்டியல், வாடிக்கையாளர் புகார்ப் புத்தகம், தப்பிய விபத்துகளின் குறிப்பு, யாருக்கு எந்த வேலை தெரியும் என்று மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட திறன் அட்டவணை.

நான் பார்த்ததில் மறக்க முடியாத சான்று ஒன்று. பிரஸ் மெஷின் பிரிவில் டை (பொருளுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றும் பதிவேட்டின் இரண்டு பக்கங்களை ஒருவர் ஸ்கேன் செய்து இணைத்திருந்தார். ஓரத்தில் எண்ணெய்க் கறை, பெருவிரல் ரேகைகூடத் தெரிந்தது. முதல் பக்கத்தில் ஒரே கையெழுத்து, பிரிவில் மூத்தவருடையது. டை மாற்றத்தின் தொடக்க நேரமும் முடிந்த நேரமும் எல்லா வரியிலும் அவரே எழுதியிருந்தார். எட்டு மாதம் கழித்து வந்த பக்கத்தில் ஐந்து விதக் கையெழுத்துகள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை ஐந்து பேருக்குத் தெரிந்துவிட்டது என்பதை அதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் சொல்லியிருக்காது. சான்றிதழோடு வரிசையாக நிற்கும் குழுப் படங்கள் அந்த விண்ணப்பத்தில் ஒன்றுகூட இல்லை. நடுவர்கள் யாரும் தேடவும் இல்லை.

பயிற்சிக்கு முந்தைய எண் இல்லை என்றால்? இது எல்லோருக்கும் வரும் சிக்கல். ஞாபகத்தைக் கேட்காதீர்கள். "முன்பெல்லாம் ஒரு மணி நேரம் ஆகும்" என்பது சான்று ஆகாது. வேறு காரணத்துக்காக அப்போது எழுதி வைத்த ஏதாவது இருக்கும்: மிகைநேரப் பதிவு, உதிரிபாகம் எடுத்த சீட்டு, மின்னஞ்சலில் வந்த புகார். பயிற்சி தொடங்கும் முன்பான மூன்று மாதத்தை அதிலிருந்து எடுங்கள். எப்படி எடுத்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் நேர்காணலில் அதே கேள்வி வரும்.

4. பயிற்சியின் பங்கைப் பிரித்தெடுங்கள்

எண் கிடைத்ததும் மகிழ்ச்சியில் அதை அப்படியே போட்டுவிடாதீர்கள். அதே காலத்தில் வேறு என்னவெல்லாம் மாறியது என்று ஒரு பட்டியல் போடுங்கள். புதுக் கருவி வந்ததா, ஆட்கள் கூடினார்களா, ஆர்டர் குறைந்ததா? நடுவர் குழுவில் தொழில் தெரிந்த ஒருவராவது இருப்பார், அவர் முதலில் கேட்பது இதைத்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம், எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. பகல் ஷிப்டில் 12 பேருக்கு டை மாற்றுவதில் பயிற்சி. முன்பு ஒரு மாற்றத்துக்குச் சராசரி 52 நிமிடம், இப்போது 38. மிச்சம் 14 நிமிடம். வாரத்துக்கு 18 மாற்றங்கள், வருடத்துக்கு 48 வேலை வாரங்கள். 14 × 18 × 48 = 12,096 நிமிடம், அதாவது சுமார் 202 மணி நேரம். பலரும் இந்த எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள்.

ஆனால் அதே மாதத்தில் டையை இறுக்கிப் பிடிக்கும் புது கிளாம்ப் வந்தது. அது இரண்டு ஷிப்டுக்கும் பொது. பயிற்சி இன்னும் பெறாத இரவு ஷிப்டிலும் நேரம் 52-லிருந்து 48 ஆகியிருக்கிறது. அப்படியானால் 4 நிமிடம் கிளாம்பின் கணக்கு, மீதி 10 நிமிடம்தான் பயிற்சிக்குச் சொந்தம். 10 × 18 × 48 = 8,640 நிமிடம், 144 மணி நேரம்.

எண் சிறிதாகிவிட்டது. ஆனாலும் 202-ஐ விட இந்த 144-க்கு அதிக மதிப்பெண் விழும், ஏனென்றால் இதை உடைக்க முடியாது. பயிற்சி பெறாத ஒரு குழு பக்கத்திலேயே இருப்பது பெரிய வரம். எல்லோருக்கும் ஒரே நாளில் பயிற்சி கொடுக்காமல் தவணையாகக் கொடுத்த நிறுவனங்களுக்குத் தெரியாமலே இந்த ஒப்பீடு கிடைத்துவிடுகிறது. அடுத்த பயிற்சியைத் திட்டமிடும்போது நினைவில் வையுங்கள்.

செலவுப் பக்கத்தையும் காட்டுங்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் வேலையை விட்டு உட்கார்ந்திருந்த நேரமும் செலவுதான். 12 பேர், ஆளுக்கு 8 மணி நேரம் என்றால் 96 மணி. பயிற்சியாளர் தயாரிப்புக்கு 30 மணி என்று வைத்தால் மொத்தம் 126 மணி. மிச்சமான 144 மெஷின் மணி, செலவான 126 ஆள் மணி. இரண்டும் ஒன்றல்ல, நேராகக் கழிக்காதீர்கள். பணமாக மாற்றிய பிறகு, பயனிலிருந்து செலவைக் கழித்து, வந்ததைச் செலவால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். முதலீட்டின் மேல் வந்த பலன் எத்தனை சதவீதம் என்று தெரியும். பயிற்சிக்கு இந்தக் கணக்கைப் போடும் முறையைப் பரப்பியவர் ஜாக் ஃபிலிப்ஸ்.

சிறு குழுவாக இருந்தால் சதவீதத்தை விட்டுவிடுங்கள். "75 சதவீதம் தேர்ச்சி" என்பதைவிட "12 பேரில் 9 பேர்" நேர்மையானது. அந்த 3 பேருக்கு என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கும் அதுவே வாசல் திறக்கிறது. அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

5. முழு விண்ணப்பத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

இப்போது, முதல் முறையாக, எழுதலாம். ஒரு வாக்கியம் மட்டும். யாருக்கு என்ன சிக்கல் இருந்தது, என்ன பயிற்சி கொடுத்தோம், என்ன மாறியது, எப்படித் தெரியும். நான்கும் அதில் இருக்க வேண்டும்.

"டை மாற்றத் தெரிந்தவர் ஒருவரே இருந்த பகல் ஷிப்டில், அவரையே பயிற்சியாளராக்கி 12 பேருக்கு வேலையிடத்திலேயே கற்பித்தோம், மாற்றும் நேரம் பயிற்சியால் 10 நிமிடம் குறைந்தது என்பதை இரு ஷிப்டுகளின் பதிவேடுகளை ஒப்பிட்டு உறுதி செய்தோம்."

இந்த வாக்கியத்தை அச்சிட்டுத் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். எழுதும்போது நிறுவனத்தின் பெருமை, நிர்வாகத்தின் ஆதரவு, கட்டடத்தின் வசதி எல்லாம் உள்ளே வரத் துடிக்கும். இந்த வாக்கியத்துக்கு உதவாத பத்தி வெளியே நிற்கட்டும்.

6. மதிப்பெண் அளவுக்கு இடம் ஒதுக்கி எழுதுங்கள்

அளவுகோல் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்று விதிமுறையில் இருந்தால் அதே விகிதத்தில் சொற்களைப் பிரியுங்கள். 40 மதிப்பெண் கேள்விக்கு 150 சொல்லும் 10 மதிப்பெண் கேள்விக்கு 400 சொல்லும் எழுதிய விண்ணப்பங்கள் ஒவ்வொரு வருடமும் வரும். எழுதுபவருக்குப் பிடித்த கேள்விக்கு நீண்ட பதில் போய்விடுகிறது.

பதிலின் முதல் வாக்கியமே கேள்விக்கு விடையாக இருக்கட்டும். ஒரே மாலையில் பல விண்ணப்பங்கள் படிக்கும் நடுவர், கையில் அளவுகோல் தாளை வைத்துக்கொண்டு டிக் போடும் இடம் தேடுகிறார். கேள்வியில் உள்ள சொல்லையே பதிலிலும் பயன்படுத்துங்கள். கேள்வி "புதுமை" என்று கேட்டால் நீங்கள் "மாறுபட்ட அணுகுமுறை" என்று எழுதி அவரைத் தேட விடாதீர்கள்.

வித்தியாசம் எங்கே என்று பாருங்கள். ஒருவர் எழுதியது: "எங்கள் அனுபவமிக்க பயிற்சியாளர்கள் நவீன முறைகளில் சிறப்பான பயிற்சி அளித்து ஊழியர்களின் திறனைப் பன்மடங்கு உயர்த்தினர்." இதில் கேள்வி கேட்க முடியாத சொல் ஒன்றுகூட இல்லை. எத்தனை பயிற்சியாளர்கள்? என்ன முறை? எத்தனை மடங்கு?

அதையே மாற்றிய பிறகு: "பயிற்சியாளர் இருவர். முதல் வாரம் அவர்கள் செய்வதைப் பழகுநர் பார்த்தார், இரண்டாம் வாரம் சேர்ந்து செய்தார், மூன்றாம் வாரம் பழகுநர் தனியே செய்ய, பயிற்சியாளர் இரண்டடி தள்ளி நின்று வாய் திறக்காமல் குறிப்பெடுத்தார்." அந்த இரண்டடியும் வாய் திறக்காததும் ஒரு பெயரடைகூட இல்லாமல் பயிற்சியின் தரத்தைக் காட்டிவிடுகின்றன.

தோல்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தொகுதியில் என்ன தவறாகப் போனது, இரண்டாம் தொகுதிக்கு எதை மாற்றினீர்கள்? பல விருதுகளில் "தொடர் மேம்பாடு" என்று ஒரு அளவுகோல் இருக்கும். எல்லாமே முதல் நாளிலிருந்து சரியாக நடந்தது என்பவரிடம் அதற்கு எழுத ஒன்றும் இருக்காது.

7. பயிற்சி பெற்றவரின் குரலைச் சேருங்கள், சம்மதத்தோடு

பயிற்சி மதிப்பீட்டு அறிஞர் ராபர்ட் பிரிங்கர்ஹாஃப் சொன்ன வழி ஒன்று இங்கே உதவும். பயிற்சியால் மிக அதிகம் பயன்பெற்ற சிலரையும் கொஞ்சமும் பயன்பெறாத சிலரையும் தேடிப் பிடித்துப் பேசுவது. நடுவில் இருப்பவர்களை விட்டுவிடலாம். பயன்பெற்றவர் ஏன் முடிந்தது என்று சொல்வார், பயன்பெறாதவர் எது தடுத்தது என்று சொல்வார். பெரும்பாலும் தடை பயிற்சியில் இருக்காது. "கற்றதைச் செய்து பார்க்க மேலே இருப்பவர் விடவில்லை" என்பதுதான் நான் அடிக்கடி கேட்ட பதில்.

மேற்கோளை அவர் சொன்னபடியே போடுங்கள். "இந்தப் பயிற்சி என் தொழில்முறை வளர்ச்சிக்கு உறுதுணையாக அமைந்தது" என்று எந்தப் பழகுநரும் பேசுவதில்லை. "முன்னாடி டை மாத்தணும்னா அண்ணனைத் தேடிட்டு ஓடுவேன், இப்ப நானே மாத்திடுறேன்" என்பது நம்பும்படி இருக்கிறது.

பெயர், படம், மதிப்பெண், உடல்நலக் குறிப்பு எதுவாக இருந்தாலும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எங்கெல்லாம் வெளியாகலாம் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்: விண்ணப்பம், விழா மேடை, பத்திரிகைச் செய்தி. மேலதிகாரி நேரில் நின்றுகொண்டு கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், அது சம்மதம் ஆகாது. தாளைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் விடுங்கள்.

தனிநபர் பிரிவில் இன்னொரு எச்சரிக்கை. பழகுநரின் விண்ணப்பத்தை மனிதவளப் பிரிவு எழுதிக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நேர்காணலில் அவர் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். அவர் எழுதட்டும், நீங்கள் எழுத்துப்பிழையும் தேதியும் மட்டும் சரிபாருங்கள்.

8. இணைப்புகளும் ஆதரவுக் கடிதங்களும்

குறைவாக இணையுங்கள். பதிலில் குறிப்பிடாத எதையும் இணைக்காதீர்கள், இணைத்த ஒவ்வொன்றையும் பதிலில் எண் போட்டுக் காட்டுங்கள். ஆதரவுக் கடிதம் கேட்கும்போது, "ஒரு கடிதம் கொடுங்கள்" என்று விட்டால் பாராட்டுரைதான் வரும். நீங்கள் நேரில் பார்த்த ஒரு மாற்றத்தை மட்டும் எழுதுங்கள் என்று கேளுங்கள். இயக்குநரின் கடிதத்தைவிட அடுத்த பிரிவின் மேற்பார்வையாளர் எழுதும் அரைப் பக்கம் பெரும்பாலும் கனமாக இருக்கும்.

9. தொழில் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்

உங்கள் பிரிவுக்கு வெளியே உள்ளவர், முடிந்தால் நிறுவனத்துக்கே வெளியே உள்ளவர். அவரிடம் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். மூன்று வேலை கொடுங்கள்: புரியாத சொல்லின் கீழ் கோடு போடுங்கள், நம்ப முடியாத வரியின் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள், படித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு இது எதைப் பற்றியது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

அவர் சொல்லும் வாக்கியமும் திரை ஓரத்தில் ஒட்டிய வாக்கியமும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆறாவது படிக்குத் திரும்ப வேண்டும். சுருக்கெழுத்துகளில்தான் அதிகம் கோடு விழும். உள்ளே பத்து வருடம் இருந்தவர்களுக்கு அவை சுருக்கெழுத்து என்பதே மறந்து போயிருக்கும்.

10. பதிவேற்றம்

இணையப் படிவத்தில் நேரடியாக எழுதாதீர்கள். தனிக் கோப்பில் எழுதி ஒட்டுங்கள், நேரம் முடிந்து படிவம் வெளியேற்றிவிட்டால் எழுதியது போனது போனதுதான்.

சொல் வரம்பா எழுத்து வரம்பா என்று கவனியுங்கள். தமிழில் நிரப்புகிறவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். பல படிவங்கள் ஐந்து என்றுதான் எண்ணும். நாம் கண்ணால் எண்ணிய கணக்கை நம்பினால் பதிலின் வால் வெட்டுப்படும். ஒட்டிய பிறகு கடைசி வாக்கியம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட்டு, ஒப்புகை மின்னஞ்சலையும் அனுப்பிய கோப்பையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். நேர்காணலுக்கு முந்தைய இரவு அதைத்தான் தேடுவீர்கள்.

11. நேர்காணலும் நேரடிப் பார்வையும்

இறுதிச் சுற்றுக்கு அழைப்பு வந்தால், அழகாகப் பேசுபவரை அனுப்பும் ஆசை வரும். வேலையைச் செய்தவரை அனுப்புங்கள். நடுவர்கள் விண்ணப்பத்தில் இருப்பதை மறுபடி கேட்க வரவில்லை, இல்லாததைக் கேட்க வருகிறார்கள். பயிற்சியின் பங்கு இவ்வளவுதான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பயன்பெறாதவர்கள் யார்? மறுபடி நடத்தினால் எதை மாற்றுவீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிப் பழகுங்கள், மனப்பாடம் செய்யாதீர்கள்.

நடுவர்கள் வேலையிடத்துக்கே வருவதாக இருந்தால் அன்று தரையைக் கழுவிப் பளபளப்பாக்க வேண்டாம், வழக்கமான நாளாக இருக்கட்டும். நான் போன ஓர் இடத்தில் சுவரில் திறன் அட்டவணை புத்தம் புதிதாகத் தொங்கியது, எல்லாக் கையெழுத்தும் ஒரே நீல மையில். முந்தைய நாள் நிரப்பியது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. அழுக்கான பழைய அட்டவணை அலமாரியில் இருந்திருக்கும், அதை மாட்டியிருந்தாலே போதும்.

12. முடிவு வந்த பிறகு

வெற்றியோ தோல்வியோ, நடுவர்களின் கருத்தைக் கேட்டு வாங்குங்கள். பல அமைப்பாளர்கள் கேட்டால் கொடுப்பார்கள், கேட்காதவர்களுக்குத் தானாக வராது. அந்தக் குறிப்பை எக்செல் தாளிலேயே ஆறாவது பத்தியாகச் சேர்த்துவிடுங்கள்.

வென்றால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சில நாடுகளில் வட்டார விருது ஏணியின் முதல் படி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வட்டாரச் சுற்றில் வென்றவர்கள் மாநிலச் சுற்றுக்கும், அங்கே வென்றவர்கள் தேசிய விருதுக்கும் போகிறார்கள். இங்கிலாந்தில் தொழில் பழகுநர் விருதுகளும் வட்டாரத்திலிருந்து தேசியத்துக்கு ஏறுபவை. உங்கள் விருது அப்படிப்பட்டதா என்று விதிமுறையில் பாருங்கள். அப்படியானால் அடுத்த சுற்றுக்கு அதே விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள். வட்டார நடுவருக்கு உங்கள் பகுதியின் தொழிலும் ஆள் தட்டுப்பாடும் தெரியும், மேலே இருப்பவருக்குத் தெரியாது. சிக்கலை விளக்கும் பத்தி நீள வேண்டும், நடுவில் ஓடிய மாதங்களின் புது எண்களும் சேர வேண்டும்.

விருதின் முத்திரையைப் பயன்படுத்தும் விதியையும் படித்துவிடுங்கள். இறுதிச் சுற்றுக்கு வந்தவரும் வென்றவரும் ஒன்றல்ல, வருடமும் பிரிவும் சேர்த்தே போட வேண்டும் என்று பல விருதுகள் கேட்கும். தனிநபர் பிரிவில் வாங்கியதை நிறுவனத்தின் விருதாகக் கடிதத்தாளில் அச்சடித்துவிட்டு, ஒரு கட்டு தாளையும் கிழித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.